மன்றத்து மூப்பு: தமிழ்நாட்டில் பழைய ரசிகரும் புதிய ரசிகரும்

தமிழ்நாட்டில் நடிகர்களின் ரசிகர்கள் அமைப்பாகத் திரண்டது 1950களில்தான். அதற்கு முன்னரும் ரசிகர் கூட்டம் இருந்தது. எம்.கே. தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வெளியாகி, சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. ஆனால் பாகவதரைப் பார்க்க முண்டியடித்த கூட்டத்துக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று யாரும் கிடையாது. உறுப்பினர் பட்டியலும் கிடையாது. யார் முதலில் வந்தவர், யார் பிறகு வந்தவர் என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. ரசிகர்களுக்குள் மூத்தவர், புதியவர் என்ற பிரிவு ரசிகர் மன்றத்தோடு வந்தது. மன்றத்தின் வாசல் அகலமான ஒவ்வொரு கட்டத்திலும் அந்தப் பிரிவு தகராறாக வெளிப்பட்டது.

மன்றம் நடந்த விதம்

எம்.ஜி.ஆருக்கும் சிவாஜி கணேசனுக்கும் 1950களில் தொடங்கிய மன்றங்கள் அடுத்த இருபது ஆண்டுகளில் ஊர்தோறும் பரவின. பின்னால் ரஜினிகாந்த், கமல்ஹாசன், விஜயகாந்த், விஜய், அஜித் என்று யாருக்கு மன்றம் வைத்தாலும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். தெருவிலுள்ள இளைஞர்கள் சிலர் கூடி, மன்றத்துக்கு ஒரு பெயர் சூட்டி, பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுத்து, உறுப்பினர் பட்டியலுடன் சென்னையிலுள்ள தலைமை மன்றத்துக்கு எழுதிப் போடுவார்கள். தலைமை மன்றம் ஏற்றுக்கொண்டால் பதிவு எண் வரும். அந்த எண் லெட்டர்பேடில் ஏறும். ரப்பர் ஸ்டாம்பில் ஏறும். முச்சந்தியில் நடும் பெயர்ப் பலகையிலும் சுவரொட்டியின் அடிவரியிலும் இடம்பெறும். பதிவு பெற்ற மன்றம், பெறாத மன்றம் என்ற வித்தியாசம் பலகையைப் பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிடும்.

படம் வெளியாகும் வாரத்தில் மன்றத்துக்கு வேலை இரவில்தான். மைதா மாவில் பசை காய்ச்சி வாளியில் எடுத்துக்கொண்டு சுவரொட்டி ஒட்டப் போக வேண்டும். தட்டி கட்ட வேண்டும். மூங்கில் சாரம் கட்டிக் கட்-அவுட் நிறுத்த வேண்டும். மாலை, தோரணம், பட்டாசு, பால் எல்லாவற்றுக்கும் பணம் திரட்ட வேண்டும். இதற்கெல்லாம் முதுகெலும்பு ரசிகர் காட்சி. முதல் நாளின் அதிகாலைக் காட்சியை மன்றமே திரையரங்கிடமிருந்து மொத்தமாக வாங்கிக்கொள்ளும். டிக்கெட்டை உறுப்பினர்களுக்கும் வேண்டியவர்களுக்கும் கூடுதல் விலையில் கொடுக்கும். மிஞ்சும் தொகை அலங்காரச் செலவுக்குப் போகும். நடிகரின் பிறந்தநாளில் அன்னதானம், ரத்ததானம், பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் என்றும் போகும். யாருக்கு எத்தனை டிக்கெட், யார் முன்வரிசையில், யார் படப் பெட்டிக்குக் கற்பூரம் காட்டுவது என்பதை மன்றத்தின் மூத்தவர்கள் முடிவு செய்தார்கள்.

ஆக, மூப்பு என்பது வெறும் கௌரவமாக இல்லை. சொந்தக் கூலியில் செலவழித்த பணம், கெடுத்துக்கொண்ட தூக்கம், சில வேளைகளில் வாங்கிக் கட்டிக்கொண்ட போலீஸ் வழக்கு ஆகியவற்றால் சேர்ந்தது அது. டிக்கெட், மேடையில் நாற்காலி, என்றாவது ஒருநாள் நடிகரோடு நின்று எடுத்துக்கொள்ளும் புகைப்படம் ஆகியவை அதற்குக் கிடைத்த ஈடு. "நேத்து வந்தவன்" என்ற ஏச்சுக்கு மன்றத்தில் இருந்த கனம் இதிலிருந்து வந்தது.

மானுடவியல் ஆய்வாளர் சாரா டிக்கி 1980களில் மதுரையில் தங்கி ஆராய்ந்து 1993இல் வெளியிட்ட நூல், மன்றத்தினரில் பெரும்பாலோர் நகரத்து எளிய குடும்பங்களின் இளைஞர்கள் என்று காட்டியது. படிப்பாலோ சொத்தாலோ கிடைக்காத மரியாதையை மன்றப் பொறுப்பு தெருவில் பெற்றுத் தந்தது. சென்னையின் மேற்குப் புறநகர் போன்ற இடங்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும் 1960களில் வந்த பிறகு, ரயில் பாதையை ஒட்டிப் பட்டாபிராம், திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை எனத் திருவள்ளூர் வரை குடியிருப்புகள் நீண்டுகொண்டே போயின. பல மாவட்டங்களிலிருந்து வந்து மனை வாங்கியவர்களும் வாடகைக்கு வந்தவர்களும் கலந்து வாழும் இத்தகைய ஊர்களில் யாரும் பரம்பரை ஊர்க்காரர் என்று மார்தட்ட முடியாது. மன்றத்தில் பெயர் பதிந்த ஆண்டைச் சொல்லி மூத்தவர் என்று நிற்கலாம்.

கட்சியான மன்றம்

மூப்பு குறித்த முதல் பெரிய சிக்கல் அரசியலால் வந்தது. எம்.ஜி.ஆர். மன்றங்கள் திமுகவுக்குத் தேர்தல் வேலை செய்தன. 1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆர். சுடப்பட்டதும், கழுத்தில் கட்டோடு அவர் இருக்கும் படம் சுவரெங்கும் ஒட்டப்பட்டது. மருத்துவமனையில் இருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். 1972இல் மு. கருணாநிதியின் மகன் மு.க. முத்து 'பிள்ளையோ பிள்ளை' படத்தில் கதாநாயகனாக அறிமுகமானார். அவர் பெயரிலும் மன்றங்கள் முளைத்தன. எம்.ஜி.ஆர். மன்றங்களை முத்து மன்றங்களாக மாற்றப் பார்க்கிறார்கள் என்ற மனக்குறை பழைய மன்றத்தினரிடம் பரவியது. அந்த ஆண்டு அக்டோபரில் எம்.ஜி.ஆர். திமுகவிலிருந்து நீக்கப்பட்டதற்குக் கட்சிக் கணக்குக் கேட்டது உள்ளிட்ட காரணங்கள் இருந்தன. மன்றத் தகராறும் அவற்றில் ஒன்று. அக்டோபர் 17 அன்று அண்ணா திராவிட முன்னேற்றக் கழகம் பிறந்தபோது மன்றங்களே அதன் கிளைகளாயின.

மன்றம் கட்சியானதும் வாசல் திறந்துவிட்டது. 1973 மே மாதம் திண்டுக்கல் இடைத்தேர்தலில் அக்கட்சியின் மாயத்தேவர் வென்றார். 1977இல் ஆட்சியும் வந்தது. வேறு கட்சிகளில் பழுத்த அனுபவசாலிகள் உள்ளே வந்தார்கள். தேர்தல் நடத்தவும் நிர்வாகம் செய்யவும் அவர்கள் தேவைப்பட்டார்கள். பசைவாளி தூக்கியவர்களுக்கும் பதவியோடு வந்தவர்களுக்கும் இடையிலான உரசல், மன்றத்திலிருந்து எழுந்த ஒவ்வொரு கட்சிக்கும் இதற்குப் பிறகு வாய்த்தது. 2005 செப்டம்பர் 14 அன்று மதுரையில் விஜயகாந்த் தொடங்கிய தேமுதிகவில், மன்ற நிர்வாகிகளே மாவட்டப் பொறுப்புகளை நிரப்பினார்கள். ஆனால் அவைத் தலைவர் பதவிக்கு அதிமுக, பாமக எனப் பழைய அனுபவமுள்ள பண்ருட்டி ராமச்சந்திரன் வந்தார்.

மூடப்பட்ட பதிவேடு

ரஜினிகாந்த் மன்றங்களின் வரலாறு வேறு பாதையில் சென்றது. 1975இல் 'அபூர்வ ராகங்கள்' வழியாக அறிமுகமான அவருக்கு 1980களில் மாநிலம் முழுவதும் மன்றங்கள் ஏற்பட்டன. 1995இல் 'பாட்ஷா', 1996 தேர்தலில் திமுக – தமாகா கூட்டணிக்கு ஆதரவு என அவர் அரசியலுக்கு வருவார் என்ற எதிர்பார்ப்பு உச்சத்தில் இருந்த 1990களில்தான், புதிய மன்றங்களைப் பதிவு செய்வதைத் தலைமை நிறுத்தியது. விளைவு விசித்திரமானது. ஏற்கெனவே எண் வைத்திருந்தவர்களின் மூப்பு நிரந்தரமாகிவிட்டது. அதற்குப் பிறகு பிறந்த ரசிகர் எவ்வளவு உழைத்தாலும் பதிவேட்டில் ஏற முடியாது. பதிவில்லாத மன்றங்கள் பெருகின. அவற்றின் பலகையில் எண் இருக்காது.

பழையவர்கள் இந்த மூப்புக்கு விலையும் கொடுத்தார்கள். 2002இல் 'பாபா' வெளியானபோது பாமகவினரின் எதிர்ப்பால் சில ஊர்களில் திரையரங்குகள் தாக்கப்பட்டன. 2004 மக்களவைத் தேர்தலில் பாமக போட்டியிட்ட தொகுதிகளில் அக்கட்சிக்கு எதிராக மன்றத்தினர் வேலை செய்தார்கள். கட்சி தொடங்கும் நாளில் இதெல்லாம் கணக்கில் வரும் என்ற நம்பிக்கையே அவர்களைப் பிடித்து வைத்திருந்தது.

பொது ரசிகரின் வருகை

2010 வாக்கில் வேறொரு கூட்டம் வந்து சேர்ந்தது. 'எந்திரன்' 2010 அக்டோபர் 1 அன்று வெளியான நேரத்தில், ரஜினியால் ஆகாதது எதுவுமில்லை என்ற வகைத் துணுக்குகள் நாடெங்கும் குறுஞ்செய்தியிலும் மின்னஞ்சலிலும் சுற்றின. அமெரிக்க நடிகர் சக் நாரிஸ் பற்றி உலவிய துணுக்குகளின் வார்ப்பு அது. ரஜினி படம் ஒன்றுகூடப் பார்க்காதவர்களும் அவற்றைப் பரப்பினார்கள். 2013இல் இந்திப் படமான 'சென்னை எக்ஸ்பிரஸ்' அவருக்குக் காணிக்கையென ஒரு லுங்கி நடனப் பாட்டையே வைத்தது. தலைவர் புகழ் வடக்கே பரவுகிறது என்று மகிழ்ந்தவர்கள் ஒரு பக்கம். கேலிக்கும் மரியாதைக்கும் வேறுபாடு தெரியாதவர்கள் ரசிகர் என்று சொல்லிக்கொள்கிறார்களே என்று நொந்தவர்கள் மறுபக்கம்.

இதற்கு முன்பே வெளிநாட்டுப் புதியவர்கள் வந்ததுண்டு. 1998இல் 'முத்து' ஜப்பானில் வெளியாகி, டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் உள்ள சினிமா ரைஸ் அரங்கில் பல வாரங்கள் ஓடியது. முதல் காட்சி பார்க்கச் சென்னைக்கே வரும் ஜப்பானிய ரசிகர்களை மன்றத்தினர் மாலை போட்டு வரவேற்றார்கள். அந்தப் புதியவர்கள் யாருடைய டிக்கெட்டையும் பறிக்கவில்லை. மன்றத்தின் சடங்கைக் கற்றுக்கொண்டு அதில் கலந்தார்கள். புதியவர் என்பதாலேயே பகை வருவதில்லை என்பதற்கு இது சான்று.

பகை வந்தது 2016 ஜூலை 22 அன்று 'கபாலி' வெளியானபோது. படத்தின் உருவங்கள் தீட்டிய ஏர் ஏசியா விமானம் பறந்தது. சென்னையிலும் பெங்களூரிலும் சில நிறுவனங்கள் அன்றைக்கு விடுமுறை விட்டன. ஊழியர்களுக்காக டிக்கெட்டுகளை மொத்தமாக வாங்கிக் கொடுத்தன. முதல் நாள் இருக்கைகள் நிறுவனங்களுக்குப் போகின்றன, காலங்காலமாகக் கொடி பிடித்தவர்களுக்கு இல்லை என்று மன்றத்தினர் குறைபட்டுக்கொண்டார்கள். இணையவழி முன்பதிவு இந்த மாற்றத்தை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தது. அம்பத்தூர் ராக்கி சினிமாஸ், திருநின்றவூர் வேலா சினிமாஸ் போன்ற புறநகர் அரங்குகளிலும் டிக்கெட் கைபேசிக்கு மாறியது. முன்பதிவு திறக்கும் நிமிடத்தில் விரல் வேகமாக ஓடுகிறவருக்கே நல்ல இருக்கை. வேப்பம்பட்டிலிருந்து திருநின்றவூர் ஒரே நிறுத்தம்தான். ஆனாலும் அரங்கு மேலாளரை நேரில் தெரியும் என்பதால் கிடைத்த சலுகைக்கு அங்கே மதிப்பு குறைந்துவிட்டது.

மன்றத்தின் மற்றக் கைவேலைகளும் ஒவ்வொன்றாகப் போயின. கையால் தீட்டிய கட்-அவுட்டை பிளக்ஸ் பேனர் விரட்டியது. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் அரசியல் பிரமுகர் ஒருவர் வைத்த பேனர் விழுந்து இளம்பெண் ஒருவர் இறந்த பிறகு பேனருக்கும் கெடுபிடி வந்தது. நடிகர்களே வேண்டாம் என்றார்கள். 2023 ஜனவரி 11 அன்று அஜித்தின் 'துணிவு' வெளியான அதிகாலையில், கோயம்பேடு ரோகிணி திரையரங்கின் முன் ஓடும் லாரிமேல் ஆடிய ரசிகர் ஒருவர் விழுந்து இறந்தார். அதன் பிறகு அதிகாலைக் காட்சிக்கும் கெடுபிடி வந்தது. அதே ஆண்டு அக்டோபர் 19 அன்று வந்த விஜயின் 'லியோ'வுக்குத் தமிழ்நாட்டில் காலை 9 மணிக்குத்தான் முதல் காட்சி. கேரளத்தில் அதிகாலை 4 மணிக்கே படம் ஓடியது. தமிழ்நாட்டு ரசிகர் அரங்கில் நுழையும் முன்பே கதை இணையத்தில் வந்துவிட்டது. முதல் நாள் முதல் காட்சி பார்த்தவன் என்ற பெருமையும் மன்றத்தின் கையை விட்டுப் போனது.

பதிவேடு இல்லாத ரசிகர்கள்

அஜித்குமார் 2011 ஏப்ரல் 29 அன்று, தம் நாற்பதாம் பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்பு, எல்லா மன்றங்களையும் கலைத்தார். மன்றத்தின் பெயரை அரசியலுக்கும் சொந்த லாபத்துக்கும் பயன்படுத்துவது பிடிக்காததே காரணம். ரசிகர்கள் குறையவில்லை, இணையத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். மன்றங்கள் தோன்றிய பிறகு தமிழ்நாட்டில் முதன்முறையாக இப்படி ஒரு முன்னணி நடிகரின் ரசிகர் கூட்டம் தலைமையோ பதிவேடோ இல்லாமல் இயங்கத் தொடங்கியது. மற்ற நடிகர்களின் இளம் ரசிகர்களும் மன்றப் படியை மிதிக்காமலே ரசிகர்களாக வளர்ந்தார்கள்.

இணையத்தில் வேலைக்குக் குறைவில்லை. பிறந்தநாளுக்கு எல்லோரும் வைத்துக்கொள்ளும் முகப்புப் படமான 'காமன் டிபி' தயாரிக்க வேண்டும். ஹேஷ்டேக்கை ஒரு குறித்த நேரத்தில் அறிவித்து, ஒரே மூச்சில் பதிவிட்டு டிரெண்டிங்கில் ஏற்ற வேண்டும். பழைய காட்சிகளை வெட்டி ஒட்டிக் காணொளி செய்ய வேண்டும். 2017இல் 'மெர்சல்' படத்துக்கு ட்விட்டர் தனி எமோஜி கொடுத்தது; தென்னிந்தியப் படங்களில் அதுவே முதல். இங்கே மூப்பைப் பின்தொடர்வோர் எண்ணிக்கை தீர்மானித்தது. இருபது ஆண்டு மன்றம் நடத்தியவருக்குச் சில நூறு பேர், கல்லூரி மாணவருக்கு லட்சம் பேர் என்பது சாதாரணம்.

தட்டிக் கேட்க ஆளில்லாததும் இங்கேதான். மன்றத்தில் வரம்பு மீறினால் மாவட்டத் தலைவர் கூப்பிட்டுக் கண்டிப்பார். தலைமை மன்றம் பதிவை ரத்து செய்யும். 2019 ஜூலையில் விஜய்க்கு இரங்கல் சொல்லும் ஹேஷ்டேக் ஒன்று நாடளவில் டிரெண்டானது. அதைத் தொடங்கியவர்கள் மன்றத்தில் இருந்தவர்களாக இருந்தால் ஒருவரையாவது பொறுப்பாக்கியிருக்கலாம். முகமும் பெயரும் இல்லாதவர்களை என்ன செய்வது என்பது பழையவர்களின் ஆதங்கம். கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றுவதும் அரங்கை அடித்து நொறுக்குவதும் உங்கள் காலத்து வழக்கம் என்பது புதியவர்களின் பதில்.

இந்த முரண் இணையம் பிறந்த காலத்திலேயே உலகம் கண்டதுதான். அமெரிக்காவில் யூஸ்நெட் என்ற விவாதக் களத்துக்கு ஆண்டுதோறும் செப்டம்பரில் கல்லூரிப் புதுமுகங்கள் வருவார்கள். சில வாரங்களில் பழையவர்கள் அவர்களைப் பழக்கிவிடுவார்கள். 1993–94இல் பெரிய இணைய நிறுவனங்கள் தம் சந்தாதாரர் அனைவருக்கும் அதைத் திறந்துவிட்டதும் வரத்து ஓயவில்லை; பழக்கிவைக்க அவகாசமும் இல்லை. அக்காலத்தை முடிவில்லாச் செப்டம்பர் என்று பழையவர்கள் அழைத்தார்கள். தமிழ்நாட்டு மன்றத்தின் நிலை இதிலிருந்து ஒரு விதத்தில் வேறுபட்டது: இங்கே மூப்புக்கு ஈடாக ஒரு நாள் அரசியல் பதவி கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பும் சேர்ந்திருந்தது.

எதிர்பார்ப்பின் முடிவு

2017 டிசம்பர் 31 அன்று கோடம்பாக்கம் ராகவேந்திரா திருமண மண்டபத்தில், கட்சி தொடங்கப்போவதாக ரஜினிகாந்த் அறிவித்தார். மறுநாளே உறுப்பினர் சேர்க்க இணையதளமும் செயலியும் வந்தன. இருபது ஆண்டுக்கு மேல் மூடிக் கிடந்த வாசல் ஒரே நாளில் யாருக்கும் திறந்தது. ரஜினி மக்கள் மன்றம் என்று பெயர் மாறிய அமைப்பில், திரைப்பட நிறுவனமொன்றில் இருந்து வந்த ராஜு மகாலிங்கம் செயலாளரானார். மாவட்ட நியமனங்களில் பழையவர்கள் பலர் ஓரங்கட்டப்பட்டார்கள், சிலர் நீக்கப்பட்டார்கள். முணுமுணுப்பு பெருகிய 2018 அக்டோபரில் ரஜினிகாந்த் வெளியிட்ட அறிக்கை, முப்பது நாற்பது ஆண்டுகள் மன்றத்தில் இருந்தது மட்டுமே பதவிக்குத் தகுதியாகிவிடாது என்ற பொருளில் அமைந்தது. மன்றத்து மூப்பு செல்லாது என்று தலைவரே சொன்னதாக அது எடுத்துக்கொள்ளப்பட்டது. சில நாளில் ரசிகர்களையும் தம்மையும் யாராலும் பிரிக்க முடியாது என்று மற்றோர் அறிக்கை தந்து ஆற்றினார்.

2020 டிசம்பர் 3 அன்று, தொடங்கவிருந்த கட்சியின் தலைமை ஒருங்கிணைப்பாளராக அர்ஜுனமூர்த்தியும், மேற்பார்வையாளராகத் தமிழருவி மணியனும் அறிவிக்கப்பட்டார்கள். இருவரும் மன்றத்தில் வளர்ந்தவர்கள் அல்லர். அதே மாதம் 29 அன்று உடல்நிலை காரணமாகக் கட்சி தொடங்கவில்லை என்று ரஜினிகாந்த் அறிவித்தார். 2021 ஜனவரியில் வள்ளுவர் கோட்டத்தில் கூடி, முடிவை மாற்றக் கோரியவர்களில் பழைய மன்றத்தினர் நிறைய. அந்த ஆண்டு ஜூலை 12 அன்று மக்கள் மன்றம் கலைக்கப்பட்டு, அமைப்பு மீண்டும் ரசிகர் நற்பணி மன்றமாகியது. தகுதி இல்லை என்று சொல்லப்பட்டவர்களிடமே மன்றம் திரும்பி வந்தது. பதவி என்ற பேச்சு மட்டும் போய்விட்டது.

விஜய் தம் மன்றங்களை 2009இல் மக்கள் இயக்கமாக்கியிருந்தார். 2021 ஊரக உள்ளாட்சித் தேர்தலில் இயக்கத்தினர் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் வென்றார்கள். 2024 பிப்ரவரி 2 அன்று தமிழக வெற்றிக் கழகம் அறிவிக்கப்பட்டதும், அடுத்த மாதமே செயலி வழியாக உறுப்பினர் சேர்க்கை தொடங்கியது. 2025இல் மாவட்டச் செயலாளர் நியமனங்களின்போது பழைய மன்றத்தினரின் மனக்குறைகள் வெளியே வந்தன. ஆதவ் அர்ஜுனா, கே.ஏ. செங்கோட்டையன் என்று மற்றக் கட்சியினர் வந்து சேர்ந்தது, 1972க்குப் பிந்திய அதிமுகவின் கதையை நினைவூட்டியது.

புதியவர் பழையதைக் கற்கும் காலம்

அரசியலுக்கு வெளியே உரசல் தணிந்த இடங்களும் உண்டு. ரசிகராக இருந்து இயக்குநரானவர்கள் தம் நாயகனை வைத்துப் படமெடுக்கும் வழக்கம் வந்தது: ரஜினிக்குக் கார்த்திக் சுப்பராஜின் 'பேட்ட' (2019), கமலுக்கு லோகேஷ் கனகராஜின் 'விக்ரம்' (2022), அஜித்துக்கு ஆதிக் ரவிச்சந்திரனின் 'குட் பேட் அக்லி' (2025). பழைய படங்களின் வசனமும் பாட்டும் சட்டையும் இவற்றில் நிறைந்திருந்தன. எது எங்கிருந்து வந்தது என்று சொல்லப் பழைய ரசிகர் தேவைப்பட்டார். 2022 'விக்ரம்' பார்த்த இளைஞர்கள் 1986இல் வந்த 'விக்ரம்' படத்தைத் தேடிப் போனார்கள்.

மறுவெளியீடுகளும் இதே வேலையைச் செய்தன. 2002இல் தோற்ற 'பாபா' 2022 டிசம்பரில் திரும்ப வந்தது. விஜயின் 2004 படமான 'கில்லி' 2024 ஏப்ரலில் வந்தபோது, முதல் வெளியீட்டின்போது பிறந்திராதவர்கள் அரங்கில் வசனத்தை முன்கூட்டியே சொல்லி ஆடினார்கள். இங்கே டிக்கெட்டுக்குத் தட்டுப்பாடு பெரிதாக இல்லை. பதவியும் பேச்சில் இல்லை. மூத்தவரிடம் புதியவர் கேட்டது நினைவை மட்டும்.

தமிழ்நாட்டு ரசிகர் மன்றத்தின் எழுபது ஆண்டுகளில் சண்டை மூண்டது ரசனை குறித்து அல்ல. முதல் நாள் இருக்கை, மாவட்டப் பதவி, நடிகரின் அருகில் ஓர் இடம் என்று பங்கிட முடியாதது ஒன்று நடுவில் இருந்தபோது, ஆண்டுக்கணக்கான உழைப்பை ஒரு தரப்பும் எண்ணிக்கையையோ திறமையையோ மறுதரப்பும் முன்வைத்தன. பதிவு எண் இருந்தவரை அந்த வழக்கைத் தீர்க்க ஒரு ஆவணமாவது இருந்தது. செயலி வழியாக ஒரு நிமிடத்தில் உறுப்பினராகும் காலத்தில் அந்த ஆவணம் பயனற்றுப்போனது. அதன் இடத்துக்கு வேறு அளவுகோல் இன்னும் வரவில்லை.